உங்களுக்குத் தெரியுமா? வட்டம் போட்டு வளர்த்த காடு

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் வரை போய்வந்தவர்களுக்குத் தெரியும்: சரிவும் பாறையும் விட்ட வழியில்தான் அங்கே காடும் பாதையும் வளைகின்றன. ஆனால் முதலில் காகிதத்தில் வட்டமாக வரையப்பட்டு, பிறகு மண்ணில் முளைத்த காடு ஒன்றும் நம் பக்கத்தில் உண்டு. புதுச்சேரியை ஒட்டி, வானூர் வட்டாரத்தில் இருக்கும் ஆரோவில்லின் பசுமை வளையம்தான் அது.

1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஆரோவில்லுக்குத் திட்டம் வரைந்தவர் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆஞ்சே. நடுவில் 1.25 கி.மீ. ஆரத்தில் நகரம், அதைச் சுற்றி அதே 1.25 கி.மீ. அகலத்தில் பசுமை வளையம். இரண்டும் சரிபாதி என்றுதானே தோன்றுகிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள்: நகரம் சுமார் 490 ஹெக்டேர், வளையம் சுமார் 1,470. மூன்று மடங்கு! வளையத்துக்குள் கிராமத்து நிலங்களும் இருப்பதால் வட்டம் இன்னும் முழுமையாகவில்லை.

இப்படி முதலில் கோடு போட்டு நகரையும் காட்டையும் அமைத்ததில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரம் ஆரோவில்லுக்கு மூத்தது. 1715-ல் அரண்மனைக் கோபுரத்திலிருந்து 32 நேர்கோடுகள் இழுத்தார்கள். ஒருபுறக் கோடுகள் தெருக்களாயின. மற்றவை காட்டுப் பாதைகள்.

ஆரோவில் அமைந்த இடம் அன்று வெறும் செம்மண் பொட்டல். மழை பெய்தால் மேல்மண் ஓடைகளில் அரித்துக்கொண்டு போகும். அதனால் முதல் வேலை வரப்பு போட்டு நீரை நிறுத்தியது. அடுத்து, சீக்கிரம் வளரும் ஆஸ்திரேலிய வேல மரங்கள். அவற்றின் நிழலில்தான் இந்த மண்ணுக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்கள் நடப்பட்டன: வீரை, உலக்கைப் பாலை, கருங்காலி. இப்படிப்பட்ட காடு பெரும்பாலும் கோயில்களை ஒட்டித்தான் மிஞ்சியிருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு அய்யனார் கோயிலில் நின்று பாருங்கள், பகலிலும் வெயில் தரையைத் தொடாத அடர்த்தி. சாமி காடு என்று வெட்டாமல் விட்ட ஊர்க்காரர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

வளர்ந்த மரமும் வரைந்த கோடும் 2021 டிசம்பரில் மோதிக்கொண்டன. நகருக்குள் திட்டமிட்ட வட்டச் சாலைக்காக மரங்கள் சாய்க்கப்பட, குடியிருப்பவர்களில் பலர் எதிர்த்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 ஏப்ரலில் கட்டுப்பாடுகள் விதித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சட்டப்படி விஷயம் முடிந்தது. ஆனாலும் மரம் நிற்கும் இடங்களில் சாலையைச் சற்றே ஒதுக்கிப் போடுங்கள் என்று கேட்டவர்கள் பக்கம்தான் என் மனசு.