கேக்கில் விஷம், கொலை நடந்தது தூதரகத்தில்: சாணக்யபுரியில் ஒரு பேக்கர் துப்பறிந்தால் என்ன ஆகும்?

டிசம்பர் பிறந்தால் ஓடிடி தளங்களில் ஒரு கதை தவறாமல் உங்கள் கண்ணில் படும். சின்ன ஊர், பனி, கிறிஸ்துமஸ் விருந்து, விருந்துக்கு நடுவே ஒரு பிணம். போலீஸ் திணறும். பக்கத்துத் தெருவில் பேக்கரி நடத்தும் பெண் கொலையாளியைக் கண்டுபிடித்துவிடுவார்.

இந்த வகைக்கு 'கோஸி மிஸ்டரி' என்று பெயர். ரத்தம் குறைவு, ஊர்வம்பு அதிகம், கடைசிப் பக்கத்தில் கைது நிச்சயம். அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஃப்ளூக் 2000-ல் தொடங்கிய ஹன்னா ஸ்வென்சன் நாவல்களில் கொலைக்கு நடுவே குக்கீ செய்முறையும் அச்சாகியிருக்கும். பண்டிகைக்குக் கூடிய குடும்பத்துக்குள் கொலையை வைக்கும் உத்தி இன்னும் பழசு; அகதா கிறிஸ்டி 1938-லேயே ஒரு கிறிஸ்துமஸ் கொலைக்கு பொய்ரோவை அனுப்பிவிட்டார்.

ஏன் பேக்கர்? கேக் டப்பாவோடு வருபவரை யாரும் வாசலில் நிறுத்தமாட்டார்கள். கதை நகர்வதே அந்தத் திறந்த கதவால்தான்.

இப்போது இதே கதையை டெல்லி சாணக்யபுரிக்கு மாற்றுவோம். சாந்திபத் பக்கம் ஒரு வெளிநாட்டுத் தூதரகம், கிறிஸ்துமஸ் விருந்து. கேக் செய்தவர் அங்கே வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு பிளம் கேக் சாப்பிட்ட விருந்தினர் அப்படியே சரிகிறார். யாரோ 112-க்கு போன் பண்ணுகிறார்கள். சாணக்யபுரி போலீஸ் வந்துவிடுகிறது. வந்து? கேட்டுக்கு வெளியே நிற்கிறது.

தூதரகம் வெளிநாட்டு மண்ணா?

இல்லை. சினிமா நமக்குச் சொல்லிக்கொடுத்த தப்பு இது. அந்த நிலம் இந்திய மண்தான். அங்கே கொலை நடந்தால் அதுவும் பாரதிய நியாய சன்ஹிதா 103-வது பிரிவில் வரும் குற்றம்தான். ஆனால் 1961-ம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம், பிரிவு 22, தூதரின் அனுமதி இல்லாமல் உள்ளூர் அதிகாரிகள் தூதரகத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்கிறது. சோதனை போடவும் முடியாது. 1972-ல் நாடாளுமன்றம் இதை இந்தியச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. துணைத் தூதரகங்களுக்கான 1963 ஒப்பந்தத்தில் 'தீப்பிடித்தால் அனுமதி இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம்' என்று ஒரு சலுகை உண்டு. தூதரகத்துக்கு அந்த வரிகூட எழுதப்படவில்லை.

ஆக பிணம், மிச்சமிருக்கும் கேக், விரலடையாளம் எல்லாமே உள்ளே. இதில் ஒரு வேடிக்கை. இந்தப் பகுதிக்குப் பெயர் கொடுத்த சாணக்கியர் எழுதியதாகச் சொல்லப்படும் அர்த்தசாஸ்திரத்தின் 4-வது நூலில், திடீர் மரணங்களை ஆராய்வதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. இறந்தவர் வயிற்றிலிருக்கும் உணவை எடுத்து நெருப்பில் போடு, சடசடவென்று வெடித்து வானவில் நிறம் காட்டினால் விஷம் என்கிறது அது. இன்றைய தடயவியலில் அது செல்லாது, ஆனால் தேடவேண்டிய இடம் சரிதான். சாணக்யபுரி இன்ஸ்பெக்டருக்கு அந்த இடத்துக்குப் போகத்தான் வழியில்லை.

சரி, யாரைத்தான் கைது பண்ணலாம்?

கொலையாளி வெளியிலிருந்து வந்த இந்திய விருந்தினர் என்றால் பிரச்சனை இல்லை. கேட்டைத் தாண்டியதும் பிடித்துவிடலாம். தூதரக அதிகாரி என்றால் பிரிவு 29 கைதைத் தடுக்கிறது, பிரிவு 31 வழக்கைத் தடுக்கிறது. சாட்சி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. நிர்வாக, தொழில்நுட்பப் பிரிவில் வேலை பார்க்கும் வெளிநாட்டவருக்கும் குற்ற வழக்கிலிருந்து விலக்கு உண்டு. அந்த நாட்டிலிருந்து வந்த சமையல்காரர், டிரைவருக்கு தங்கள் பணியின் பகுதியாகச் செய்த செயல்களுக்கு மட்டும்.

இந்தியாவிலேயே வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு? இந்திய அரசு தனியாகக் கொடுத்தால் ஒழிய எதுவும் கிடையாது. அதாவது, அன்று அந்தச் சமையலறையில் இருந்தவர்களில் போலீஸ் முதலில் கூட்டிப்போகக்கூடிய ஆள் நம் பேக்கர்தான். கேக்கும் அவர் செய்தது. கோஸி நாவலில் பேக்கர் துப்பறிவது ஆர்வத்தால்; இங்கே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே துப்பறிய வேண்டியிருக்கும்.

அவர் உண்மையைக் கண்டுபிடித்தாலும் கடைசிக் காட்சி தூதரின் சொந்த நாட்டின் கையில் இருக்கிறது. அந்த நாடு விரும்பினால் விலக்கைக் கைவிடலாம். 1997 ஜனவரியில் வாஷிங்டனில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி 16 வயதுச் சிறுமியின் மரணத்துக்குக் காரணமான ஜார்ஜியா நாட்டு அதிகாரியின் விலக்கை அந்நாடு கைவிட்டது. அவர் அமெரிக்கச் சிறைக்குப் போனார். இது அபூர்வம். 2015 செப்டம்பரில் குருகிராம் வீடொன்றிலிருந்து இரண்டு நேபாளப் பெண்கள் மீட்கப்பட்டார்கள். பாலியல் வன்கொடுமைப் புகாருக்கு உள்ளான சௌதி அதிகாரி சில நாட்களில் இந்தியாவை விட்டே போய்விட்டார். இந்தியாவால் அதிகபட்சம் செய்யக்கூடியது, 'ஏற்கத்தகாதவர்' என்று அறிவித்து ஒருவரை வெளியேற்றுவது.

கொலை வழக்கு, கிறிஸ்துமஸ், சாணக்யபுரி மூன்றும் நிஜமாகவே சேர்ந்ததுண்டா?

உண்டு. 2012 பிப்ரவரி 15, கேரளக் கடலோரம். 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டதில் 'செயின்ட் ஆன்டனி' படகிலிருந்த இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். கைதான இரண்டு இத்தாலியக் கடற்படை வீரர்களை, அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போய்வர கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்தது. 6 கோடி ரூபாய் உத்தரவாதம். போனார்கள், ஜனவரியில் திரும்பியும் வந்தார்கள்.

பிறகு வழக்கு டெல்லிக்கு மாற, சாணக்யபுரியிலுள்ள இத்தாலியத் தூதரகத்தில் தங்கினார்கள். 2013 பிப்ரவரியில் ஓட்டுப் போட மறுபடி அனுமதி, இந்த முறை தூதரே உச்ச நீதிமன்றத்துக்கு உறுதிமொழி கொடுத்தார். மார்ச்சில் இத்தாலி 'அனுப்பமாட்டோம்' என்றது. உடனே நீதிமன்றம், தூதர் இந்தியாவை விட்டுப் போகக்கூடாது என்று உத்தரவிட்டது. ஒரு தூதரைத் தடுத்துவைக்கலாமா, வியன்னா ஒப்பந்தம் என்ன ஆவது என்று பெரிய சர்ச்சை. மார்ச் 22 அன்று வீரர்கள் டெல்லியில் வந்து இறங்கினார்கள்.

2020-ல் சர்வதேசத் தீர்ப்பாயம், அவர்கள் அரசுப் பணியில் இருந்ததால் இந்தியா வழக்கு நடத்த முடியாது, ஆனால் இழப்பீடு உண்டு என்றது. (இது தூதரக விலக்கு அல்ல, அரசு ஊழியர்களுக்கான வேறொரு விலக்கு.) இத்தாலி 10 கோடி ரூபாய் கட்டியது: இரு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. 2022 ஜனவரியில் ரோம் நீதிமன்றமும் போதிய ஆதாரம் இல்லை என்று கோப்பை மூடிவிட்டது.