செம்பனை ஆலைக் கழிவுநீரும் எரிவாயுவும்

ஒரு டன் செம்பனை எண்ணெய் எடுத்தால் ஏறக்குறைய மூன்று டன் கழிவுநீர் மிஞ்சுகிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் பாமாயில் என்ற பெயரில் பாக்கெட்டாக வருவது இந்த எண்ணெய்தான். மலேசியத் தமிழர் அந்த மரத்தைச் செம்பனை என்கிறார்கள். ஆலையிலிருந்து வெளியேறும்போது கழிவுநீர் பழுப்பு நிறக் கூழாக, 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் சூட்டில், புளித்த வாடையோடு இருக்கும். மலேசிய ஆறுகளை ஒரு காலத்தில் நாறடித்த இந்த நீரிலிருந்து இன்று எரிவாயு எடுத்து மின்சாரம் ஆக்குகிறார்கள். மாட்டுச் சாணத்தைக் கலனில் அடைத்து அடுப்பெரிக்கும் சாண எரிவாயுவுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. வேறுபாடு அளவில் இருக்கிறது. எடுத்த வாயுவை யார் பயன்படுத்துவது என்பதில் இன்னும் அதிகமாக இருக்கிறது.

செம்பனைப் பழம் காத்திருக்காது. குலையை வெட்டிய உடனே பழத்துக்குள் இருக்கும் ஒரு நொதி எண்ணெயைக் கொழுப்பு அமிலங்களாக உடைக்கத் தொடங்கிவிடும். 24 மணி நேரத்துக்குள் குலை ஆலைக்குப் போனால் எண்ணெயின் தரம் தப்பும். அதனால்தான் இந்த ஆலைகளை நகரத்து ஓரத்தில் கட்டாமல் தோட்டங்களுக்கு நடுவே, காட்டுச் சாலைகளின் முடிவில் கட்டுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு வேர் இதுவே.

ஆலைக்கு வந்த குலைகள் முதலில் வேகவைக்கப்படுகின்றன. கிடைமட்டமாகப் படுத்திருக்கும் பெரிய இரும்பு உருளை, பிரஷர் குக்கர் செய்யும் வேலையைச் செய்கிறது: சுமார் 140 டிகிரி நீராவி, மூன்று வளிமண்டல அழுத்தம், ஒன்றரை மணி நேரம். நொதி செத்துவிடும், பழம் குலையிலிருந்து கழன்றுகொள்ளும், சதை இளகும். குளிர்ந்து சொட்டும் நீராவி கழிவுநீரின் முதல் பங்கு. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அடுத்து பழங்களைக் குலையிலிருந்து உதிர்த்து, மசித்து, திருகுச் செக்கு போன்ற பிழிபொறியில் பிழிகிறார்கள். பிழிந்த சாற்றில் எண்ணெய், நீர், சதைத் துணுக்கு எல்லாம் கலந்திருக்கும். வெந்நீர் சேர்த்துத் தொட்டியில் தெளியவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், கசடு அடியில் தங்கும். கசடிலிருந்து கடைசிச் சொட்டு எண்ணெயைச் சுழற்பொறியில் பிரித்த பிறகு எஞ்சுவதுதான் கழிவுநீரின் பெரும்பங்கு, ஏறத்தாழ 60 விழுக்காடு. உடைத்த கொட்டையிலிருந்து ஓட்டையும் பருப்பையும் நீர்ச்சுழலில் பிரிக்கும்போது இன்னும் சிறிது சேருகிறது.

இந்த வேலை எதிலும் வேதிப்பொருள் சேர்ப்பதில்லை. கழிவுநீரில் 95 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். மீதியில் பழச்சதை, நார்த்தூள், சர்க்கரை, கொஞ்சம் எண்ணெய். நஞ்சு என்று சொல்ல எதுவுமில்லை. ஆனால் கரிமப் பொருள் செறிந்த நீர் ஆற்றில் கலந்தால் அதைத் தின்ன நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, தின்னும் வேகத்தில் ஆற்று நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துவிடுகின்றன, மீன்கள் மூச்சுமுட்டிச் சாகின்றன. ஒரு லிட்டர் கழிவைத் தின்று முடிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதை அளக்கும் எண்ணைச் சுருக்கமாக பி.ஓ.டி. என்பார்கள். வீட்டுச் சாக்கடைக்கு அது லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம். செம்பனை ஆலைக் கழிவுநீருக்குச் சுமார் 25,000.

மலேசியா 1974-ல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தையும், 1977-ல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிகளையும் கொண்டுவந்தது. அந்த விதிகள் எழுதப்பட்ட விதம் பாராட்டுக்குரியது. அப்போது இந்தக் கழிவைச் சுத்திகரிக்கச் சோதித்துத் தேறிய வழி எதுவும் ஆலைகளிடம் இல்லை. ஆகவே 1978-ல் பி.ஓ.டி. 5,000 வரை அனுமதித்து, படிப்படியாக 2,000, 1,000, 500, 250 என்று குறைத்து, 1984-ல் 100-க்குக் கொண்டுவந்தார்கள். கழுத்தைப் பிடிக்காமல், கையையும் விடாமல் இழுத்துப்போன சட்டம் அது. ஆலைகள் கண்டுகொண்ட வழி குட்டைகள். நிலத்துக்குப் பஞ்சமில்லாத இடம் என்பதால் அடுத்தடுத்துக் குட்டைகளை வெட்டி, கழிவுநீரை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வாரக்கணக்கில் மெல்ல நகரவிட்டார்கள். முதல் குட்டைகள் ஐந்து, ஆறு மீட்டர் ஆழம். அடியில் காற்றே புகாது. கடைசிக் குட்டைகள் ஆழம் குறைந்தவை. அங்கே பாசியும் சூரியனும் மிச்ச வேலையை முடிக்கும். செலவு குறைவு, நீரும் சுத்தமாகிறது. பெரும்பாலான ஆலைகள் இன்றுவரை இதையே நம்பியிருக்கின்றன.

குறை ஒன்றுதான். ஆழமான குட்டைகளின் மேற்பரப்பில் இரவும் பகலும் குமிழி வெடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குமிழியில் பாதிக்கு மேல் மெத்தேன். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மெத்தேன் சுமார் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு வளிமண்டலத்தைச் சூடாக்குகிறது. ஒரு கன மீட்டர் கழிவுநீர் ஏறத்தாழ 10 கிலோ மெத்தேன் தரவல்லது. ஆற்றைக் காப்பாற்றிய ஏற்பாடு கழிவைக் காற்றில் கொண்டுபோய் விட்டது.

குமிழிக்குப் பின்னால் இருப்பது நான்கு கட்ட வேலை. முதல் கூட்டத்து நுண்ணுயிர்கள் மாவுச்சத்து, நார், கொழுப்பு போன்ற பெரிய மூலக்கூறுகளைத் துண்டாக்குகின்றன. இரண்டாம் கூட்டம் துண்டுகளைப் புளிக்கவைத்து அமிலங்களாக்குகிறது. மூன்றாம் கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் எளிமைப்படுத்துகிறது. கடைசியாக மெத்தேனாக்கிகள் வருகின்றன. இவை பாக்டீரியாக்கள் அல்ல, ஆர்க்கியா என்ற தனிக் குலம். ஆக்சிஜன் பட்டால் செயலிழக்கும், மெதுவாகப் பெருகும், அமிலம் கூடினால் வேலையை நிறுத்தும். முன்னால் உள்ளவர்கள் வேகக்காரர்கள், பின்னால் உள்ளவர் நோஞ்சான். வாயுவைப் பிடிக்க இதே வேலையை மூடிய கலனுக்குள் நடத்துகிறார்கள். அங்கே ஒரேயடியாகக் கழிவைக் கொட்டினால் அமிலம் குவிந்து மெத்தேனாக்கிகள் முடங்கிவிடும். மீண்டு எழ வாரங்கள் ஆகும். கலனை நடத்துபவரின் திறமை முழுவதும் இந்தக் கடைசிக் கூட்டத்தை அரவணைத்துப் போவதில் இருக்கிறது.

கழிவுநீரின் அமிலத்தன்மை பி.எச். 4 முதல் 5 வரை. மெத்தேனாக்கிகளுக்கு வேண்டியது 7-க்கு அருகில். சுண்ணாம்பு கொட்டித்தான் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றும். ஆனால் செரித்து முடிந்த நீரில் காரத்தன்மை இருப்பதால், அதில் கொஞ்சத்தைத் திரும்பப் புதுக்கழிவில் கலந்தாலே போதும். சூட்டுக் கணக்கும் விசித்திரமானது. குளிர்நாடுகளில் எரிவாயுக் கலனைச் சூடாக வைக்க எரிபொருள் செலவிடுகிறார்கள். இங்கே கொதிநிலைக்கு அருகில் வரும் கழிவை 35 முதல் 38 டிகிரிக்கு, அல்லது சூடு தாங்கும் வகை நுண்ணுயிர்களாக இருந்தால் 50 முதல் 55 டிகிரிக்கு, ஆறவைப்பதே வேலை. புதுக் கலனுக்கு உறை ஊற்ற, பழைய குட்டையின் அடிச்சேறு போதும்.

கலனில் இரண்டு வகை பரவலாக உண்டு. குட்டையின் மேலேயே கனத்த பாலித்தீன் விரிப்பைப் போர்த்தி, ஓரங்களை மண்ணில் புதைத்துவிடுவது ஒன்று. வாயு சேரச் சேர விரிப்பு பெரிய கூடாரம்போல் உப்பி நிற்கும். செலவு குறைவு, வாயுவைச் சேமித்து வைக்கவும் அதுவே இடம். ஆனால் அடியில் மணலும் சேறும் படிந்தால் தூர்வாருவது பெரும்பாடு. இன்னொன்று எஃகுத் தொட்டி. உள்ளே கலக்கிக்கொண்டே இருப்பார்கள், கழிவு 20 நாள் அளவில் செரித்துவிடும். இடம் குறைவு, கட்டுப்பாடு அதிகம், விலையும் அதிகம். எதுவானாலும் எண்ணெய் மிகுதியாகக் கலந்து வந்தால் மேலே ஆடை படிந்து வாயு தடைப்படும். ஆலையில் எண்ணெயை ஒழுங்காகப் பிரிக்காதவர் கலனிலும் தண்டனை அனுபவிக்கிறார்.

இந்தத் தொட்டி முறைக்கு வயது நாற்பதுக்கு மேல். ஆரம்ப முயற்சிகளில் ஒன்று 1980-களின் முற்பகுதியில் சிலாங்கூர் மாநிலத்துத் தென்னமரம் ஆலையில் நடந்தது. பெயரைச் சொல்லிப் பார்த்தாலே தமிழ் கேட்கும். 1917-ல் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டதும் அதே தென்னமரத்தில்தான். 

கலனிலிருந்து வரும் வாயுவில் 60 முதல் 65 விழுக்காடு மெத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, கூடவே அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. இந்தக் கடைசிச் சரக்கு அளவில் சிறியது. ஆனால் ஈரத்தோடு சேர்ந்தால் மின்சாரம் ஆக்கும் எஞ்சினை அரித்துத் தின்றுவிடும். அதனால் வாயுவைக் கழுவும் கோபுரத்தில் இன்னொரு நுண்ணுயிர்க் கூட்டத்தை வளர்த்து, சிறிது காற்று கொடுத்து, கந்தகத்தைப் பிரிக்கிறார்கள். பிறகு ஈரம் நீக்கி எஞ்சினுக்கு அனுப்புகிறார்கள். எஞ்சின் நின்றுவிட்டால் வாயுவைத் திறந்துவிடக் கூடாது. உயரமான கம்பத்தின் நுனியில் எரித்துவிட வேண்டும். எரிந்த மெத்தேன் கார்பன் டை ஆக்சைடாகிறது. அந்தக் கார்பன் மரம் காற்றிலிருந்து எடுத்ததே என்பதால் புதுச் சுமை ஏதும் சேர்வதில்லை.

ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து 25 முதல் 28 கன மீட்டர் வாயு கிடைக்கிறது. மணிக்கு 60 டன் குலை அரைக்கும் ஆலை ஆண்டுக்கு 3 லட்சம் டன் குலையைக் கையாண்டால், கழிவுநீர் 2 லட்சம் கன மீட்டரை நெருங்கும், வாயு 50 லட்சம் கன மீட்டர் அளவில் வரும், மின்சாரம் ஏறத்தாழ ஒரு கோடி யூனிட். குலைவரத்து குறையும் மாதங்களில் வாயுவும் குறையும்.

இங்கேதான் முரண் தொடங்குகிறது. ஒரு டன் குலையை அரைக்க ஆலைக்கு 20 யூனிட் மின்சாரம் போதும். அந்த டன்னின் கழிவுநீர் 35 யூனிட் தர முடியும். ஆனால் அந்த 20 யூனிட்டும் ஏற்கெனவே ஆலையின் கையில் இருக்கிறது: பிழிந்த நாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் எரித்தே நீராவியும் மின்சாரமும் எடுத்துக்கொள்கிறார்கள். எரிவாயு மின்சாரத்தை வெளியே விற்றாக வேண்டும். ஆலையோ தோட்டத்துக்கு நடுவே, மின்கம்பி எட்டாத தொலைவில். கம்பி இழுக்கும் செலவு பல இடங்களில் திட்டத்தையே விழுங்கிவிடுகிறது.

ஊக்கம் வெளியிலிருந்துதான் வந்தது. வெப்பவாயுக்களைக் குறைப்பதற்கான கியோட்டோ உடன்படிக்கைக்குப் பின், வெளியேறாமல் தடுத்த வாயுவைக் கார்பன் வரவுகளாக விற்கலாம் என்று சில ஆலைகள் இறங்கின. 2012 வாக்கில் அந்தச் சந்தை சரிந்தது. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நெறிமுறை, செம்பனை எண்ணெயிலிருந்து ஆக்கும் டீசல் புதைபடிவ டீசலைவிட எவ்வளவு வெப்பவாயுவைக் குறைக்கிறது என்பதை, மெத்தேனைப் பிடிக்கும் ஆலைக்கு 56 விழுக்காடு என்றும் மற்றவற்றுக்கு 19 விழுக்காடு என்றும் மதிப்பிட்டது. அன்றைய குறைந்தபட்சத் தகுதி 35. மலேசியாவில் 2011-ம் ஆண்டுச் சட்டம் எரிவாயு மின்சாரத்துக்கு உறுதியான கொள்முதல் விலை கொடுத்தது. 2014 முதல் புதிதாகக் கட்டும் ஆலைகளும் விரிவாக்கும் ஆலைகளும் மெத்தேனைப் பிடிக்க ஏற்பாடு செய்தாக வேண்டும். 2015-ல் சிலாங்கூரின் சுங்கை தெங்கி ஆலையில் வாயுவைச் சுத்திகரித்து, அழுத்தி, சிலிண்டர்களில் அடைத்து லாரியில் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் முறை தொடங்கியது. மின்கம்பி வராத இடத்திலும் சாலை இருக்கிறது என்பதால் இது புத்திசாலித்தனமான வழி.

செரித்து வெளிவரும் நீரில் பொட்டாசியமும் நைட்ரஜனும் அப்படியே தங்கிவிடுகின்றன. அதைத் தோட்டத்து வாய்க்காலில் மரங்களுக்கே பாய்ச்சலாம். பழம் உதிர்த்த வெற்றுக் குலைகளோடு கலந்து மக்கவைத்தும் போடலாம். ஆற்றில் விட வேண்டுமானால் இன்னும் சில குட்டைகள் கடந்தாக வேண்டும்.

2020-க்குள் எல்லா ஆலைகளிலும் எரிவாயுக் கலன் அமைப்பது என்று மலேசிய அரசு 2010-ல் இலக்கு வைத்தது. நாட்டில் ஆலைகள் சுமார் 450. கெடு முடிந்தபோது அதில் பாதிகூடக் கலன் கட்டியிருக்கவில்லை. கட்டியவற்றிலும் வாங்க ஆளில்லாத ஆலைகளில், பிடித்த வாயு கம்பத்தின் நுனியில் எரிந்து தீர்கிறது.