பயாப்சிக்குப் பின் இரத்தம் கண்டால்...

தோட்ட வேலையை விட்டுவிட்டுப் பண்டமாரானிலும் கிள்ளானிலும் பிள்ளைகளோடு வசிக்கும் பெரியவர்கள் பலர், இரவில் நாலைந்து தடவை சிறுநீருக்கு எழுந்தாலும் "வயசாயிடுச்சு" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துப் போனால், இரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவு கூடியிருப்பது தெரிந்து, புராஸ்டேட் சுரப்பியில் 'பயாப்சி' செய்யவேண்டும் என்கிறார். புற்றுநோய் உண்டா என்று அறியச் செய்யும் சோதனை அது.

சிறுநீர்ப்பையின் அடியில் இருக்கும் சுரப்பி இது. ஒலியலைக் கருவியை மலவாயினுள் செலுத்தி, திரையைப் பார்த்தபடி மெல்லிய ஊசியால் நூல் போன்ற சதைத் துணுக்குகளை எடுக்கிறார்கள். 1989-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆறு துணுக்குகள் எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். இப்போது 10 அல்லது 12 எடுப்பது வழக்கம். இரத்தக் குழாய்கள் நிறைந்த உறுப்பில் அத்தனை தடவை ஊசி ஏறினால் இரத்தம் கசியாமல் இருக்குமா?

சிறுநீரிலும் மலத்திலும் சில நாட்கள் இலேசாக இரத்தம் காணும். தண்ணீர் நிறையக் குடித்தால் சிறுநீர் தெளிந்துவிடும். ஆனால் நம்மவர்களை நடுங்க வைப்பது விந்தில் தெரியும் இரத்தம்தான். முதலில் சிவப்பாகவும் பிறகு பழுப்பாகவும் சில வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். மனைவியிடம் சொல்ல வெட்கம், மகனிடம் சொல்ல அதைவிட வெட்கம். இதனால் மனைவிக்குக் கெடுதல் எதுவும் இல்லை, தானாகவே நின்றுவிடும் என்று மருத்துவர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எவ்வளவு நிம்மதி!

வேறு சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. சிறுநீரில் இரத்தக் கட்டிகள் விழுந்து, பிறகு சிறுநீரே வராமல் அடிவயிறு உப்பினால், கட்டி வழியை அடைத்திருக்கிறது என்று பொருள். குழாய் போட்டுக் கழுவி எடுக்கவேண்டும். மலவாயில் இரத்தம் நிற்காமல் கொட்டினாலும், தலை சுற்றி மயக்கம் வந்தாலும், குளிர்க்காய்ச்சல் கண்டாலும் அப்படியே. காய்ச்சல் என்றால் கிருமி இரத்தத்தில் கலந்திருக்கலாம். இரத்தப்போக்கைவிட அதுதான் ஆபத்து. இரவானாலும் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 999.

சோதனைக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வீட்டிலுள்ள மருந்துகளை எல்லாம் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வார்ஃபரின், குளோபிடோகிரல் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுப்பவை. சில நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்லலாம். குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வதில்லை. பூண்டு மாத்திரை, மீன் எண்ணெய், நாட்டு மருந்து எதையும் மறைக்காதீர்கள். அதற்காக, அடுத்த வீட்டுக்காரர் சொன்னார் என்று நீங்களாகவே இருதய மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இருதயக் குழாயில் 'ஸ்டென்ட்' வைத்தவருக்கு அது உயிருக்கே உலை வைக்கும். நிறுத்திய மருந்தை எந்த நாளில் மறுபடி தொடங்குவது என்பதையும் கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.