வலையிலிருந்து நீச்சலுடைக்கு

சிறிய அளவில் நீச்சலுடை தைத்து விற்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, மறுசுழற்சித் துணி எங்கே கிடைக்கும் என்றுதான். துணி கிடைத்துவிடும். கையில் வருவது என்ன என்று தெரிந்து வாங்குவதுதான் முக்கியம்.

இந்தத் துணியில் பெரும்பங்கு நைலான் அல்லது பாலியஸ்டர், மீதி லைக்ரா. மறுசுழற்சிப் பாலியஸ்டர் பெரும்பாலும் தண்ணீர் பாட்டில்களைக் கழுவி, நொறுக்கி, உருக்கி இழுத்த நூல். நைலானின் கதை வேறு. இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் 2011 முதல் ஸ்லோவேனியாவின் லியூப்லியானா ஆலையில் பழைய மீன்வலை, தரைவிரிப்பு, ஆலைக் கழிவு ஆகியவற்றிலுள்ள நைலான்-6ஐ காப்ரோலாக்டம் என்ற மூலப்பொருளாகப் பிரித்தெடுக்கிறது. கோத்த மாலையை அவிழ்த்து மணிகளாக்கி மறுபடி கோப்பது போன்ற வேலை. அதனால் இப்படிக் கிடைக்கும் எக்கோனில் என்ற நூல் தரத்தில் புது நைலானுக்குக் குறைவதில்லை. ஆனால் அந்த வலைகள் எல்லாமே கடலடியிலிருந்து மீட்டவை அல்ல. மீன்பண்ணைகள் கழித்துக் கொடுத்தவையும் உண்டு. 'கடல் குப்பையில் செய்தது' என்று அட்டையில் அச்சிடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது லைக்ரா. இத்தாலியில் கார்விகோ ஆலை பின்னும் வீட்டா துணியில் 78 சதவீதம் எக்கோனில், 22 சதவீதம் லைக்ரா. மறுசுழற்சி என்ற பெயர் அந்த 78க்கு மட்டும்தான். உடையின் ஆயுளைத் தீர்மானிப்பதோ அந்த 22. நீச்சல்குளத்துக் குளோரின் முதலில் தின்பது லைக்ராவைத்தான். அது தளர்ந்தால் நைலான் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உடை குப்பைக்குப் போகும். இரண்டும் பின்னிக் கிடப்பதால் அதை மறுபடி மறுசுழற்சி செய்வதும் கடினம். ஆகவே குளோரின் தாங்கும் லைக்ராவா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

இனி யாரிடம் வாங்குவது என்று பார்ப்போம். ஆலைகள் நிறத்துக்கு இத்தனை மீட்டர் என்று பெரிய ஆர்டர் கேட்கும். தொடக்கத்தில் இருப்பு வைத்து மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் மொத்த வியாபாரியே போதும். மிச்ச ரோல்கள் மலிவு, ஆனால் அதே நிறம் மறுமுறை வராது. உங்கள் சொந்த டிசைனைச் சிறிய அளவில் அச்சிட வேண்டுமானால் பாலியஸ்டர் வசதி. வெப்பத்தால் சாயம் ஏற்றும் சப்ளிமேஷன் பிரிண்ட் அதில் நன்றாகப் பிடிக்கும், நைலானில் அவ்வளவு நிற்காது.

மறுசுழற்சிப் பொருளுக்கான, திருப்பூர்க்காரர்களுக்குப் பழக்கமான ஜிஆர்எஸ் (Global Recycled Standard) சான்றிதழை விற்பவரிடம் கேளுங்கள். நீங்கள் வாங்கும் சரக்குக்கே உரிய பரிவர்த்தனைச் சான்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரு நுணுக்கம்: துணிக்குச் சான்று இருந்தாலும் தைக்கும் யூனிட்டுக்கு இல்லையென்றால், உடையில் ஜிஆர்எஸ் முத்திரை போட முடியாது. ஆனால் மறுசுழற்சி நூலின் சதவீதத்தை உண்மையாக எழுதலாம்.

ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு மீட்டர் வாங்கி, ஒரு துண்டைக் குளத்துத் தண்ணீரில் பல நாள் ஊறவையுங்கள். பிறகு இழுத்துவிட்டு, பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று அளந்து பாருங்கள்.