ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே இருப்பவர்கள்

அரிமளத்தில் ஒருவரைப் பிடித்து ரிமாண்ட் செய்துவிட்டால், வீட்டார் முதலில் வக்கீலைத் தேடுகிறார்கள். பிறகு ஜாமீன்தாரரைத் தேடுகிறார்கள். இரண்டாவதுதான் பெரும்பாடு. சொந்தத்திலேயே வீட்டுவரி ரசீதைக் கொடுக்கத் தயங்குவார்கள். சொத்தே இல்லாத கூலிக் குடும்பம் யாரைப் போய்க் கேட்கும்? ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் மனு பார்க்கப் புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் அலைவது இதனால்தான்.

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 4,36,266 பேருக்குத்தான் இடம். அடைக்கப்பட்டிருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். கழிப்பறை போதாது, மருத்துவர் போதாது. வழிக்காவலுக்கு ஆள் இல்லாமல் வாய்தாவும் தள்ளிப்போகிறது. புதிய சிறை கட்ட நிதி கேட்பதற்கு முன், உள்ளே இருக்கத் தேவையே இல்லாதவர்களை அனுப்பிவைப்பதுதான் நியாயம்.

ஜாமீன்தாரர் சிக்கல் புதிதல்ல. மோத்தி ராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட நீதித்துறை நடுவர், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று அதை ஏற்க மறுத்தார். 1978-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1,000 ரூபாய் சொந்தப் பிணையிலேயே அவரை விடச் சொன்னார். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது என்பதை 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. ஜாமீன் உத்தரவு வந்து 7 நாளில் கைதி வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் கடந்தால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே பரிசீலிக்கலாம்.

பணம்தான் தடை என்றால், ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. 2023-இல் அறிவித்தபோது விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை உதவி என்றார்கள். போதைப்பொருள், ஊழல், உபா (UAPA) வழக்குகளுக்கு இது பொருந்தாது.

முக்கியமான இன்னொன்று: குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் தாக்கலாகும் முன்பே மனு போட்டாக வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் உரிமை போய்விடும். அதனால் ரிமாண்ட் ஆன தேதியை அன்றே குறித்து வையுங்கள். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை உள்ளேயே கழித்துவிட்டால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 479-ஆம் பிரிவின்படி அவரைப் பிணையில் விட வேண்டும். ஆயுள், மரண தண்டனைக்குரிய வழக்குகளும், வேறு வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களும் இதில் சேரமாட்டார்கள்.

சிறையில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீல் உண்டு. குற்ற எண், ரிமாண்ட் தேதி, ஜாமீன் உத்தரவு தேதி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்குப் பேசுங்கள். அல்லது புதுக்கோட்டை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள்.