நந்தன் கதைக்குள் நெருப்பு எப்போது வந்தது?



வெண்மணி ஈகியரை நினைவுகூரும் மேடையில் புனித நூல்களைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். ஒரு மாணவியின் கேள்விதான் காரணம். வாசிப்பு வட்டம் ஒன்றில் நந்தன் கதையை விமர்சித்துக்கொண்டிருந்தோம். அவர் எழுந்து கேட்டார்: "எங்க பாட்டி நடவு வயல்ல நந்தனார் கதைய சொல்லித்தான் எங்கள வளர்த்தாங்க. அது சாமி சொன்னதுன்னு நம்புறாங்க. அவங்ககிட்ட போய் எல்லாம் பொய்யின்னு சொல்லணுமா தோழர்?" அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. இந்த உரை அந்தப் பதிலைத் தேடும் முயற்சி.

நூல் தெய்வ வாக்கா, மனித ஆக்கமா என்ற விவாதம் நமக்குப் புதிதல்ல. வேதத்தை மனிதரும் இயற்றவில்லை, கடவுளும் இயற்றவில்லை, அது என்றும் உள்ளது என்றார்கள் மீமாம்சகர்கள். இல்லை, ஈசுவரன் இயற்றியது என்றார்கள் நியாயவாதிகள். பௌத்தரும் சமணரும் இரண்டையும் மறுத்தார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் தொடங்கும் மணிமேகலைக் காப்பியத்தில், வேதவாதி உள்ளிட்ட பல சமயவாதிகளை மணிமேகலை நேரில் கேட்டறியும் காதை ஒன்று உண்டு. இந்தக் கேள்வியை மேற்கிலிருந்து கடன் வாங்கியதாகச் சொல்பவர்கள் அந்தக் காதையைப் படிக்க வேண்டும்.

நாம் பேச வேண்டிய நூல் நம் பாட்டிமார் அறிந்த நூல். பெரியபுராணம் சைவர்களுக்குப் பன்னிரண்டாம் திருமுறை. 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சோழ அரசில் உயர் பதவி வகித்த சேக்கிழார் பாடியது. அதன் முதற்சொல்லைத் தில்லைக் கூத்தனே அசரீரியாக எடுத்துக்கொடுத்தான் என்பது மரபு. தேவாரத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் தில்லையில் ஏடுகளைத் தேடிக் கண்டபோது பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்தது. இக்காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்தோம் என்று வானிலிருந்து குரல் வந்தது என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. கரையான் தின்ற இழப்பும்கூட இறைவன் திட்டமாகிவிடுகிறது. தெய்வ வாக்கு என்ற முத்திரை விழுந்த பிறகு நூலில் குறை காண யாருக்கும் இடமிருப்பதில்லை.

எனவே வானத்தைப் பார்த்து வாதிடுவதை விட்டுவிட்டு, ஏடுகளை வரிசையாக அடுக்கிப் பார்ப்போம்.

முதலில் சுந்தரர். அவருடைய திருத்தொண்டத்தொகையில் இந்த அடியாருக்குக் கிடைத்திருப்பது ஒரு தொடர். 'நாளைப்போவார்' என்ற பட்டம் இருக்கிறது. பெயர் இல்லை, சாதி இல்லை, கதை இல்லை.

அடுத்து நம்பியாண்டார் நம்பி. அவரது அந்தாதியில் ஒரு பாட்டு. ஆதனூர் என்ற ஊர் வருகிறது. தில்லை மூவாயிரவர் கைகூப்பினர் என்று வருகிறது. 'புலை' நீங்கியது என்றும் வருகிறது. ஆனால் அந்தப் பாட்டில் நெருப்பு இல்லை. நந்தன் என்ற பெயரும் இல்லை.

மூன்றாவது சேக்கிழார். இங்கே 37 பாடல்கள். நந்தன் என்ற பெயர் வருகிறது. கொள்ளிடக் கரைச் சேரி, ஊர் விட்ட மானிய நிலம், கோயில் முரசுக்குத் தோலும் வீணைக்கு நரம்பும் கொடுக்கும் தொண்டு எல்லாம் வருகின்றன. திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது. கடைசியில் தில்லையில் இறைவன் நந்தனின் கனவிலும் அந்தணர் கனவிலும் தோன்றி, தீயில் மூழ்கி வரச் சொல்கிறான். நந்தன் பூணூலும் சடைமுடியும் கொண்ட முனிவனாக எழுகிறான்.

நான்காவது கோபாலகிருஷ்ண பாரதி. மாயூரத்துக்கு அருகில் ஆனந்தத்தாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில் பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் உதவியோடு அச்சேறிய அவரது கீர்த்தனையில்தான் வேதியர் என்ற பண்ணையார் வருகிறார். சேக்கிழாரிடம் அவர் கிடையாது. 40 வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். 40 வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல். குறுவைக்கே நூறு நாளுக்கு மேல் ஆகும் இந்த மண்ணில், அந்தப் பயிர் ஒரே இரவில் விளைகிறது. சேக்கிழாரின் நந்தன் ஊர் மானியத்தில் வாழும் தொண்டன். பாரதியாரின் நந்தன் மிராசுதாரிடம் கட்டுண்ட பண்ணையாள். 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சையின் மிராசு முறை அப்படியே கதைக்குள் நுழைந்துவிட்டது.

ஒரு தொடர் ஒரு பாட்டாகி, 37 பாட்டாகி, முழு இசை நாடகமாகிறது. ஒவ்வொரு கையும் தன் காலத்தைச் சேர்த்திருக்கிறது. இதை மனித ஆக்கம் என்று சொல்ல இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த மன்னனாக எழுதியபோது அவரும் இந்த வரிசையில் ஒரு கையைச் சேர்த்தார். நம் தரப்புக் கை என்பதால் அதற்குத் தெய்வ முத்திரை குத்தக் கூடாது. அதையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும்.

பக்தர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். எழுதிய கை மனிதருடையதுதான், உள்ளிருந்து எழுதவைத்தவன் இறைவன் என்பார்கள். இந்த வாதத்தை மதித்தே கேட்போம். அப்படியானால் தீயில் மூழ்கு என்ற கட்டளை யாருடையது? இறைவனுடையது என்றால், தன் அடியானை அவன் பிறந்த உடம்போடு ஏற்க அந்த இறைவனால் முடியவில்லை என்றாகிறது. திருப்புன்கூரில் கல் நந்தியை நகர்த்தியவன், நந்தனை வாசலுக்கு உள்ளே அழைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணருக்குத் திருவாரூரில் வடக்கே வேறு வாயில் வகுத்துக் கொடுத்தான் என்கிறது அதே பெரியபுராணம். நந்தி விலகும், தனிவாயில் திறக்கும், நெருப்பு மூட்டப்படும். தீட்டு என்ற விதி மட்டும் அசையாது. இது கடவுளின் குணமா, 12ஆம் நூற்றாண்டுச் சமூகத்தின் குணமா? கடவுளின் மேல் பழி விழக் கூடாது என்று நினைக்கிற பக்தர்தான், நம்மைவிட உரத்த குரலில், இதை மனிதர் எழுதினார் என்று சொல்ல வேண்டும்.

அது ஞானத்தீ, குறியீடு என்றும் சிலர் சொல்வார்கள். குறியீடு என்றால் 63 பேருக்கும் பொதுவாக இருந்திருக்கலாமே. தில்லைக்குள் நுழைய அந்தத் தீ ஏன் சேரியில் பிறந்தவனுக்கு மட்டும் விதிக்கப்பட்டது?

அண்ணல் அம்பேத்கர் 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் மனுஸ்மிருதி எரிப்புக்குத் தலைமை ஏற்றார். 1936இல் வெளியிட்ட 'சாதியை அழித்தொழித்தல்' உரையில், சாதியைக் கடைப்பிடிக்கும் மக்களைவிட, சாஸ்திரங்கள் புனிதமானவை என்ற நம்பிக்கையே முதல் எதிரி என்று வாதிட்டார். அதே அம்பேத்கர், தீண்டப்படாதோர் யார் என்று ஆராய்ந்து 1948இல் எழுதிய நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா ஆகிய மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். நூலின் புனிதத்தை மறுத்தார், நந்தனை மறுக்கவில்லை. நாம் கற்க வேண்டிய முறை இது.

மகாத் எரிப்பு நடந்து சரியாக 41 ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பெரியபுராணம் அந்தத் தீயை வைத்தது என்று நான் சொல்லவில்லை. அதை வைத்தவை நிலவுடைமையும் கூலிப் பகையும் சாதியும். ஆனால் நம்மவர் ஒருவர் தீயில் மறைந்ததை அருள் என்று பாடி வந்த மண் இது. அந்தப் பாட்டைக் கேள்வி கேட்காமல் விட்டால், நாளை நடக்கும் கொலைக்கும் ஒரு புனிதக் காரணம் கிடைத்துவிடும்.

மனிதர் எழுதியது என்று ஏற்றுக்கொண்டால் கிடைக்கும் பெரிய பயன், அதைத் திருத்தும் உரிமை. 1947இல் சென்னை மாகாண ஆலயப் பிரவேச அங்கீகாரச் சட்டம் வந்தது. 1950இல் அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. தீக்குளிக்காமல் கோயிலுக்குள் போகும் உரிமையை நமக்குக் கொடுத்தவை, மனிதர் விவாதித்து, திருத்தி, வாக்களித்து இயற்றிய இந்த எழுத்துகள். சட்டம் வந்தபின்னும் பூட்டிக் கிடக்கும் வாசல்கள் இருக்கின்றன என்பதும் நமக்குத் தெரியும். அவற்றைத் திறப்பதும் மனித வேலைதான்.

அந்த மாணவிக்கு இப்போது பதில் சொல்கிறேன். பாட்டியிடம் போய்ப் பொய் என்று சொல்ல வேண்டாம் அம்மா. உழைத்த உடம்போடு தில்லையைப் பார்க்க ஏங்கிய ஒருவனைப் பாட்டி நேசிக்கிறார். அந்த நேசம் நம்முடையது. சுந்தரர், நம்பி, சேக்கிழார், பாரதியார் நால்வரையும் எடுத்துக்கொண்டு பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். எது எப்போது சேர்ந்தது என்று படித்துக் காட்டுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பாட்டி, நந்தனை நெருப்புல எறங்கச் சொன்னது உங்க சாமியா, எழுதுனவரா?"

பாட்டி சொல்லும் பதிலிலிருந்து நம் அடுத்த உரையாடலைத் தொடங்கலாம்.