பந்து வீசும் பையனின் கீழ்முதுகு

2008 மே 10, சேப்பாக்கம். பஞ்சாப் அணியின் இர்பான் பதான், பியூஷ் சாவ்லா, வி.ஆர்.வி. சிங் மூவரையும் அடுத்தடுத்த பந்துகளில் வெளியேற்றினார் லட்சுமிபதி பாலாஜி. ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக். 2004 பாகிஸ்தான் சுற்றுப்பயணத்தில் நாடே கொண்டாடிய சென்னைக்காரர் அவர். 2005 மார்ச்சில் மொகாலி டெஸ்டில் ஒன்பது விக்கெட் எடுத்தார். அதற்குப் பிறகு சில மாதங்களிலேயே இந்திய அணியில் அவரைக் காணோம். கீழ்முதுகில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். இனி இவர் அவ்வளவுதான் என்று பேசியவர்கள் நம் ஊரிலேயே நிறையப் பேர். பந்துவீச்சு முறையையே மாற்றிக்கொண்டு, கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்துத்தான் அவர் திரும்பி வந்தார். 2012 டி20 உலகக் கோப்பையில் இந்தியாவுக்காக அதிக விக்கெட் எடுத்தவரும் அவரே.

விழுந்து அடிபட்டு உடைகிற எலும்பு முறிவு வேறு, ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் வேறு. வலக்கையால் வேகப்பந்து வீசுபவர் ஓடிவந்து இடது காலை ஊன்றும் நொடியில், உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேலான விசை தரையிலிருந்து காலேறி வருகிறது. அறுபது கிலோ பையன் என்றால் முந்நூறு கிலோவுக்கும் மேல். அதே நொடியில் முதுகு பின்னால் வளைகிறது, பக்கவாட்டில் சாய்கிறது, திருகவும் செய்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து போய் விழும் இடம், இடுப்புக்குச் சற்று மேலே உள்ள கடைசி இரண்டு முள்ளெலும்புகளின் இடப்பக்கம். அங்கே மேல்மூட்டையும் கீழ்மூட்டையும் இணைக்கும் குறுகலான ஒரு பகுதி உண்டு. விரிசல் பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு பந்தால் அது உடைவதில்லை. தேய்ந்த எலும்பைத் தின்று அகற்றும் செல்கள் நம் உடம்பில் ஓயாமல் வேலை செய்கின்றன. ஓர் இடத்தில் அந்த வேலை முடிய மூன்று வாரம் போல ஆகும். பின்னாலேயே வரும் வேறு செல்கள் புது எலும்பைக் கட்டி அந்தப் பள்ளத்தை நிரப்ப மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். இடைப்பட்ட காலத்தில் அந்த எலும்பு வழக்கத்தைவிடப் பலவீனம். இப்போது ஒரு பதினைந்து வயதுப் பையனின் வாரத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் அகாடமி நெட்ஸ், செவ்வாய்க்கிழமை பள்ளி மேட்ச், ஞாயிறு லீக், அதுவும் போதாமல் மாலையில் தி.நகர் சோமசுந்தரம் கிரவுண்டில் நண்பர்களோடு டென்னிஸ் பந்து. நான்கு இடத்திலும் அவன்தான் ஓப்பனிங் பவுலர். நான்கு இடத்தில் இருப்பவர்களும் தங்கள் கண்முன் வீசிய பந்துகளை மட்டுமே அறிவார்கள். எலும்பு மொத்தத்தையும் கணக்கு வைத்திருக்கிறது.

"முதுகு பிடிச்சுக்கிச்சு" என்றுதான் அது தொடங்கும். பாட்டி தைலம் தேய்ப்பார். யாரோ ஒருவர் புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போகச் சொல்வார். எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆரம்ப நிலையில் எம்.ஆர்.ஐ.தான் காட்டிக்கொடுக்கும். ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையும்போது இடப்பக்கம் சுருக்கென்று குத்தினால், நல்ல பிசியோதெரபிஸ்ட் அங்கேயே உஷாராகிவிடுவார். எந்த மசாஜும் செய்யாமல் ஸ்கேனுக்கு அனுப்புவார்.

ஓய்வு கொடுத்தால் சில வாரங்களில் வலி போய்விடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். "வலி போயிடுச்சு சார், ஞாயித்துக்கிழமை ஆடலாமா?" மயிலாப்பூரிலும் அடையாறிலும் பிசியோக்கள் நாள்தோறும் கேட்கும் கேள்வி இது. வலி அடங்கிய நாளில் விரிசல் கூடியிருப்பதில்லை. அதற்காகப் படுத்தே கிடந்தாலும் எலும்பு வலுக்காது. எலும்பு தன் மீது விழும் சுமைக்கேற்பத் தன்னைச் செதுக்கிக்கொள்கிறது என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892லேயே எழுதினார். எடையற்ற விண்வெளியில் வீரர்கள் மாதத்துக்கு ஒரு சதவீதம் போல எலும்பை இழப்பது இதனால்தான். எனவே பிசியோதெரபி என்பது அளந்து சுமை கொடுக்கும் வைத்தியம். மருந்துக்கு டோஸ் இருப்பதுபோல இதற்கும் டோஸ் உண்டு.

அந்த டோஸ் பார்வைக்கு மிகச் சாதாரணமாக இருக்கும். பையன் நாலு காலில் தவழ்வதுபோல நிற்கிறான். வலது கையையும் இடது காலையும் நீட்டச் சொல்கிறார் பிசியோ. முதுகின் குறுக்கே கிடத்திய கோல் உருளக்கூடாது. உருள்கிறது. மூச்சைப் பிடித்துச் சமாளிக்கப் பார்க்கிறான், அதற்கும் திட்டு விழுகிறது. அடுத்து கண்ணாடி முன் ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழ வேண்டும். முழங்கால் உள்பக்கம் மடிகிறது, இடுப்பு ஒரு பக்கம் இறங்குகிறது. அவனுக்கே ஆச்சரியம். பந்து வீசும்போது இறங்கும் அந்த இடுப்பின் பாரத்தைத்தான் இத்தனை நாளும் முதுகு தாங்கியது. பிட்டத் தசைகள் தேறிய பிறகு ஓட்டம், பிறகு நின்ற இடத்தில் வீச்சு, பிறகு நான்கு அடி ரன்-அப். முழு வேகத்துக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். "கரண்ட் மட்டும் வெச்சு விடுங்க" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. மின்சிகிச்சை வலியைக் கொஞ்சம் தணிக்கும், தசையை வளர்க்காது. பணமும் நேரமும் உடற்பயிற்சிக்கே போகட்டும்.

இந்த வழியில் நடந்து காட்டியவர் ஒருவர் நம் ஊருக்கே வந்து கற்றுக்கொடுத்தார். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி, 1973 வெஸ்ட் இண்டீஸ் பயணத்தில் முதுகெலும்பு விரிசல்களோடு வீடு திரும்பியவர். வாரக்கணக்கில் உடம்பைச் சுற்றி பிளாஸ்டர் கட்டு. பிறகு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் பைக்கிடம் மாதக்கணக்கில் உடலைத் திரும்பக் கட்டினார். 1974-75 ஆஷஸில் 25 விக்கெட். ஓய்வு பெறும்போது டெஸ்டில் 355. அவரைத்தான் 1987இல் வேகப்பந்து வீச்சாளர்களுக்கான எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் சென்னைக்கு அழைத்தது. கால் நூற்றாண்டு அவர் பயிற்றுவித்த அதன் சேத்துப்பட்டு மைதானத்தில் வேகத்துக்குச் சமமாக உடற்தகுதிக்கும் இடம் இருந்தது.

கிரிக்கெட் ஆடாதவர்களுக்கும் இதே கணக்கு. டர்ஃபில் ஃபுட்பால் ஆடி முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிந்து, ஆபரேஷன் முடித்தவர்கள் இன்று நம்மிடையே நிறைய. நார்வேயில் இப்படிப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயமாகும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நடக்க வந்துவிட்டது, மாடி ஏற வந்துவிட்டது என்று நாலாவது மாதமே ஷூ கட்டுபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

பையன்கள் விஷயத்தில் முன்கூட்டியே தடுக்க வழி இருக்கிறது, செலவும் இல்லை. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வேகப்பந்து வீசும் சிறுவர்களுக்கு ஓவர் வரம்பு வைத்தது. பதின்மூன்று வயது வரை ஒரே மூச்சில் ஐந்து ஓவர், நாள் முழுவதும் சேர்த்துப் பத்து ஓவர். நம் பையன்களுக்கும் அகாடமி, பள்ளி, லீக் மூன்றையும் சேர்த்த ஒரே கணக்கு வேண்டும். அதை எழுதி வைக்கக்கூடியவர்கள் வண்டியில் கூட்டிப்போய்க் கூட்டிவரும் அப்பாவும் அம்மாவும்தான். நெட்ஸில் வீசும் பந்துகளும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். மேட்ச்சைவிட நெட்ஸில்தான் பையன்கள் அதிகம் வீசுகிறார்கள்.